ஐந்தாவது குவளை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்த ஆண்டு, விளையாட்டுப் போட்டிக்காகக் காலைப் பயிற்சி தொடங்கியது. வகுப்புக்கு முன்னால், திடலில், அரை மணி நேரம்.
2. இரண்டாம் வாரத் திங்கட்கிழமை, கணக்குப் பாடத்தில், நம் ஓட்டக்காரி மயங்கி விழுந்தாள்.
3. புதன்கிழமை வேன்காரர் மகள் விழுந்தாள். அடுத்த வாரம் இரட்டையரில் பெரியவன். அதற்கு மறுநாள் சின்னவன்.
4. நான் ஒரு பட்டியல் எழுதினேன்.
5. அது பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது.
6. கேண்டீன் ஆண்டி பள்ளியை விட்டுப் போனார்.
7. அதற்குப் பிறகும் பிள்ளைகள் விழுந்தார்கள்.

ஏழாவது விஷயம் நம்மில் ஒருவருக்கும் நினைவில் இல்லை என்பது போன மாதம் நம் வகுப்பு வாட்சாப் குழுவில் தெரிந்தது. கோலா பிலா போகும் சாலையோரத்தில் இருக்கும் ஒரு பசியாறல் கடையின் படத்தை ஒருவர் போட்டிருந்தார். கீழே ஒரு வரி: ‘இது அந்த விஷ டீ ஆண்டி லா. அந்தப் பக்கம் போனா எதையும் குடிச்சிடாதீங்க.’ பதினோரு பேர் சிரித்திருந்தீர்கள். இரண்டு பேர் தங்கள் குடும்பக் குழுக்களுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னீர்கள். நான் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மூன்று நாள் கழித்து, அந்தக் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறைந்திருக்கிறது என்று வேறு ஒருவர் வழியாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முன்பே செய்திருக்க வேண்டும்.

நீலாயில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பொருளில் குறை என்று புகார் வந்தால், எடுத்து வைத்த மாதிரியை முதலில் பார்ப்போம். பிறகு பதிவேட்டைப் பார்ப்போம். எழுதியவரைக் கடைசியில்தான் சந்தேகப்படுவோம். இந்த விஷயத்தில் எழுதியவரிடமிருந்து தொடங்குவது நல்லது. எழுதியவள் நான்.

அந்தப் பருவத்தை நினைத்தால் முதலில் காதில் விழுவது ரப்பர் இலை நொறுங்கும் சத்தம். நம் தோட்டப் பள்ளிக்குப் பின்னால் அப்போது இன்னும் கொஞ்சம் ரப்பர் மிச்சமிருந்தது, மற்றதெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. இலை கொட்டும் மாதங்களில் வெயில் நேராகத் திடலில் இறங்கும். ஏழு மணிக்கு இருட்டு முழுதாக விலகியிருக்காது, ஏழரைக்கெல்லாம் கண் கூசும். நீங்கள் எல்லாரும் ஓடினீர்கள். எனக்கு இளைப்பு இருந்ததால் ஓட வேண்டாம் என்று வகுப்பாசிரியை சொல்லிவிட்டார். சுற்று நேரம் குறிக்க, சிவப்பு அட்டை போட்ட ஒரு நீள நோட்டைக் கொடுத்து மரத்தடியில் உட்கார வைத்தார். என்னிடம் நோட்டு வந்ததற்கும் நான் விழாமல் இருந்ததற்கும் காரணம் ஒன்றுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் ஆகியிருக்கிறது.

நம் வீடுகளின் காலையை மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அம்மா நான்கு மணிக்கு எழுந்து சோறும் ஒரு குழம்பும் வைத்துவிடுவார். தனக்கும் அப்பாவுக்கும் தூக்கில் கட்டிக்கொண்டு, ஐந்தே காலுக்கு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிவிடுவார். வேலை பிரிக்கும் மண்டோர் பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்கவில்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை. என் தட்டு மேசை மேல் இருக்கும், அதன்மேல் இன்னொரு தட்டு கவிழ்த்திருக்கும். நான் ஐந்து ஐம்பதுக்கு எழுவேன். ஆறே காலுக்கு வேன். ஆறிப்போன சோற்றின் மேல் குழம்பு எண்ணெய் வெள்ளையாக உறைந்திருக்கும். அந்த வேளைக்கு வயிறு அதை ஏற்காது. இரண்டு நாள் முயன்று வாந்தி எடுத்தேன். மூன்றாம் நாள் அதைப் பின்கட்டில் கோழிக்குப் போட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மதியம் வேலை முடிந்து வரும் அம்மா கழுவிய தட்டைப் பார்ப்பார். பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்வார், என் பிள்ளைக்கு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, தானே சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிடும் என்று. அதைக் கேட்ட பிறகு உண்மையைச் சொல்வது எப்படி? சோறு இல்லாத வீடில்லை அது. நாலு மணிக்கு எழுந்து சமைத்த சோறு. அதைக் கொட்டினேன் என்பது திருட்டை விடப் பெரிய குற்றமாக இருந்திருக்கும்.

கேண்டீன் ஆண்டி என்னைக் கண்டுபிடித்தது குழாயடியில். வயிறு நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பசியாறியாச்சா என்று கேட்டார். பசியாறிட்டேன் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குவளையில் பால் இல்லாத தேநீர் கொண்டுவந்து முகப்பில் வைத்தார். சீனி தொண்டையில் ஒட்டும் அளவுக்கு இருந்தது. சில நாள் பக்கத்தில் இரண்டு பிஸ்கட்டும் இருக்கும்.

“அம்மாகிட்ட சொல்லிடாதீங்க ஆண்டி,” என்றேன்.

“என்னத்தச் சொல்ல? ஒரு டீத்தண்ணிக்குப் பஞ்சாயத்தா வைக்கப்போறேன்? குடிச்சிட்டு ஓடு,” என்றார்.

சுவரில் ஐந்து ஆணிகள் இருந்தன, ஐந்து பச்சைக் குவளைகள். எனக்கு முன்பே அங்கே நான்கு பேர் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். யார் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். ஓட்டக்காரியின் குவளையில் பல் பதிந்த அடையாளம் இருக்கும். என்னுடையதன் விளிம்பு அடுப்புச் சூட்டில் உருகி ஒரு பக்கம் வளைந்திருக்கும். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் குடிப்போம். கோயிலில் செருப்பைத் தொலைத்தவர்கள் போல, வெட்கத்தோடு. நம் வகுப்பில் பதினான்கு பேர். அதில் ஐந்து பேர் வெறும் வயிற்றோடு வந்தோம் என்பது ஐவருக்கும் தெரியும். ஒருவரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

பள்ளிப் பதிவுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த முதல் தவணையில் எனக்கு எழுதியிருப்பது: ‘கவனக் குறைவு. சோம்பல்.’ காலை எட்டு மணித் தேர்வுகளில் 7-ஐ 1 என்றும், 6-ஐ 0 என்றும் பார்த்து எழுதியிருக்கிறேன். இடைவேளையில் சாப்பிட்ட பிறகு வந்த தேர்வுகளில் அப்படி ஒரு பிழையும் இல்லை. வகுப்பாசிரியை கெட்டவர் அல்ல. அக்கறையோடுதான் அடித்தார். இரட்டையர்கள் இரண்டாம் பாடத்தில் தூங்கியதற்கு வெளியே நிற்க வைக்கப்பட்டார்கள். ஓட்டக்காரியைப் பின் வரிசைக்கு அனுப்பினார், ஓட்டம் வந்தால் படிப்பு வராது என்று சொல்லி. இவையெல்லாம் ஒரே கடிகாரத்தில் நடக்கின்றன என்பதை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு விழத் தொடங்கினார்கள்.

ஓட்டக்காரி கரும்பலகையில் பின்னம் போட்டுக்கொண்டிருந்தபோது சுண்ணக்கட்டி கோட்டை விட்டுக் கீழே இறங்கியது. நீளமாக, நேராக, தரைவரைக்கும். கோடு முடிந்த இடத்தில் அவள் கிடந்தாள். வேன்காரர் மகள் சத்தமே இல்லாமல் மேசை மேல் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று ஆசிரியை அடிக்கோலால் தட்டிய பிறகுதான் தெரிந்தது.

தோட்டமே சந்தேகத்தில் இறங்கியது. கழிவறைக்குப் பின்னால் இருந்த ஜம்பு மரத்தைச் சொன்னார்கள், பூசாரி வந்து எலுமிச்சம்பழம் வெட்டினார். தண்ணீர்த் தொட்டியில் புறா செத்துக் கிடக்கிறது என்றார்கள், ஏறிப் பார்த்தபோது பந்து ஒன்று கிடந்தது. ஓட்டக்காரி மாவட்டத்துக்கு ஓடப்போகிறாள் என்று கண் வைத்துவிட்டார்கள் என்றார்கள். அப்படியானால் ஓட்டத்தில் எப்போதும் கடைசியில் வரும் இரட்டையர்கள் ஏன் விழுந்தார்கள் என்று யாரோ கேட்டார்கள். பள்ளியில் எதையும் வாயில் வைக்காதே என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி அனுப்பினார்கள். அதனால் சில பிள்ளைகள் இடைவேளைச் சாப்பாட்டையும் விட்டார்கள்.

நான் பட்டியல் போட்டேன். சுற்று நேரம் எழுதிய அதே நோட்டின் பின்பக்கம். நான்கு கட்டங்கள்: பெயர், விழுந்த நேரம், காலையில் வீட்டில் சாப்பிட்டாயா, ஆண்டியிடம் தேநீர் குடித்தாயா. ஒவ்வொருவரிடமும் நேராகப் போய்க் கேட்டேன். மூன்றாம் கட்டத்தில் பதினான்கு பேருக்கும் ‘ஆம்’. இரட்டையர்கள் ஒரே குரலில், “சோறு, கருவாடு,” என்றார்கள். பெரியவன் சொல்லும்போது சின்னவன் என் முகத்தைப் பார்த்தான். பொய் என்று எனக்குத் தெரியும். எழுதிக்கொண்டேன்.

நான்காம் கட்டத்தில் விழுந்த நால்வருக்கும் ‘ஆம்’. மற்ற பத்துப் பேருக்கும் ‘இல்லை’.

அந்தப் பத்துப் பேரில் ஒன்று என் பெயர். அதற்கு எதிரிலும் ‘இல்லை’ என்று எழுதினேன். அம்மா நோட்டைப் பார்ப்பார் என்ற பயம். வேறு எதுவும் அப்போது மனதில் இல்லை.

வகுப்பாசிரியை நோட்டைப் பார்த்துவிட்டு என் தலையில் கை வைத்தார். பெற்றோர் சங்கத் தலைவரிடம் கொடுத்தார். அவர் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி; சனிக்கிழமைக் கூட்டத்தில், சம்பள நாளில் பெயர் வாசிக்கும் அதே குரலில் என் பட்டியலை வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, இவ்வளவு பெரிய ஆட்களுக்குத் தெரியாதது ஒரு சின்னப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் தோளில் கை போட்டார். அந்தக் கையின் கனம் இன்னும் இருக்கிறது.

ஆண்டி கேண்டீன் நடத்துவதற்கு முன் எட்டு வருடம் மருந்தடிக்கும் கேங்கில் இருந்தவர், களைக்கொல்லி தெளிக்கும் வேலை. என் அம்மாவும் அதே கேங். ஆண்டி சீனி வைத்திருந்தது நீலக் கைப்பிடி போட்ட ஒரு வெள்ளை வாளியில். மருந்து ஸ்டோரிலும் நீலக் கைப்பிடி வாளிகள் இருந்தன. யாரோ அதைச் சொன்னார்கள். உடனே சபை முழுக்க அம்மாவின் பக்கம் திரும்பியது, அவருக்குத்தான் தெரியும் என்பது போல.

“அந்த மாதிரி வாளிதான்,” என்றார் அம்மா.

ஆண்டி கதவோரம் நின்றிருந்தார். தலைவர் கையில் இருந்த நோட்டைக் காட்டி, “அதுல ஒரு வரி தப்பா இருக்கு,” என்றார்.

எந்த வரி என்று தலைவர் கேட்டார். ஆண்டி என்னைப் பார்த்தார். கோபமில்லை. காத்திருந்தார், அவ்வளவுதான். மேலே மின்விசிறி ஒரு பக்கம் ஆடிக்கொண்டு சுற்றியது. நான் அதையே பார்த்தேன். என் தோளில் அம்மாவின் கை இருந்தது. ஆண்டி அந்தக் கையையும் பார்த்திருக்க வேண்டும்.

“என்னமோ, நான்தான் தப்பா நெனச்சிட்டேன் போல,” என்றார்.

நோட்டின் அந்த ஒரு வரி சரியாக இருந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். தேநீர் குடித்த ஐந்தாவது பிள்ளை விழவில்லை. அந்தப் பிள்ளை ஓடவும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு தாளும் ஐந்து நிமிடமும் போதும்.

தலைவரே சீனி வாளியைத் தூக்கிப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். மாதிரி எடுத்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தேன். சாக்கடை ஓரத்தில் சீனி பாகாகிக் கிடந்தது. அதைச் சுற்றி எறும்பு. ஆயிரக்கணக்கில், உயிரோடு, வரிசையாகச் சுமந்துகொண்டு போயின. ஒரு எறும்புகூடச் சாகவில்லை. அதை நான் நோட்டில் எழுதவில்லை.

ஐந்து ஆணிகளும் வெறுமையாக இருந்தன. குவளைகளை ஆண்டி எடுத்துப் போனாரா, யாராவது தூக்கி எறிந்தார்களா என்பது தெரியாது.

அந்த வாரமே ஓட்டக்காரி மறுபடியும் விழுந்தாள். உடம்பில் பழைய மருந்து இன்னும் இருக்கிறது என்று தலைவர் விளக்கம் சொன்னார். அடுத்து வேன்காரர் மகள், சாக்கடைக் கட்டையில் முகம் மோத விழுந்து முன்பல் உடைந்தது. சீனித் தண்ணீர் அவர்களை இடைவேளை வரைக்கும் ஏதோ கொஞ்சம் தாங்கிப் பிடித்திருந்தது. அதையும் நாம் நிறுத்திவிட்டோம்.

பல் உடைந்ததால்தான் அரசாங்கக் கிளினிக்கிலிருந்து மிஸி வந்தார், மலாய்க்கார நர்ஸ். சாப்பிட்டாயா என்று அவர் கேட்கவில்லை. கடைசியாகச் சாப்பிட்டது எத்தனை மணிக்கு என்று மலாயில் கேட்டார். இந்தக் கேள்விக்கு எங்களிடம் பொய் தயாராக இல்லை. வேன்காரர் மகள் உதட்டில் துணியை வைத்துக்கொண்டு, நேற்று இரவு ஏழு மணி என்றாள். இரட்டையர்கள் விரல் விட்டு எண்ணி, எட்டு என்றார்கள். மிஸி தலைமையாசிரியர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அடுத்த வாரம் காலைப் பயிற்சி இடைவேளைக்குப் பின்னால் தள்ளிப்போனது. தலைமையாசிரியர் தன் வீட்டு அடுப்பில் பச்சைப்பயற்றுக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து, பதினான்கு பேரும் வரிசையில் நின்று குடித்த பிறகுதான் மணியடிக்கச் சொன்னார். யாருக்கு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஊற்றினார். அதனால் யாரும் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு ஒருவரும் விழவில்லை. ஆண்டியைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. கூப்பிட வேண்டுமானால் அதே கூட்டத்தில் நான்கு அம்மாக்கள் எழுந்து, என் பிள்ளை பசியோடு வந்தது என்று சொல்லியாக வேண்டும். காரணம் தெரிந்த பெரியவர்கள் பேசாமல் இருந்தார்கள். தெரியாதவர்கள் பழைய காரணத்தையே வைத்துக்கொண்டார்கள். நம் குழுவில் சிரித்தது அந்தப் பழைய காரணம்தான்.

போன மாதக் கடைசி ஞாயிறு கோலா பிலா சாலைக்குப் போனேன். நான்கு மேசை, ஒரு தகரக் கூரை. ஆண்டிக்கு முடி நரைத்திருக்கிறது, மருந்தடித்த காலத்தில் கருத்த நகங்கள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. என்னைப் பார்த்ததும், பசியாறியாச்சா என்றார். இல்லை ஆண்டி என்றேன். இந்தக் கேள்விக்கு அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை.

என் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது தேநீர் வந்தது. முகப்பில் ஒரு வெள்ளை வாளி, நீலக் கைப்பிடி, மாஜரின் வந்த வாளி என்று ஒட்டியிருந்த தாள் சொன்னது. எழுதத்தான் வேண்டும்: எல்லாம் தெரிந்திருந்தும், கண்ணாடி டம்ளரை உதட்டருகே கொண்டுபோய் ஒரு கணம் முகர்ந்து பார்த்தேன். ஆண்டி அதைப் பார்த்துவிட்டார்.

“என்னா, உங்க ஃபேக்டரில இப்படித்தான் செக் பண்ணுவீங்களா?” என்று சிரித்தார்.

நான் குடித்தேன். பட்டியலைப் பற்றிச் சொன்னேன், ‘இல்லை’ என்று எழுதிய வரியைச் சொன்னேன். தெரியும் என்றார். அன்றைக்கு ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்து பதில் சொன்னார்.

“நீதான் சொல்லாதேன்னியே. அதோட ஒங்கம்மா. நாலு மணிக்கு எந்திரிச்சு ஆக்கி வெச்சுட்டு வருவா, எனக்குத் தெரியாதா? அத்தன பேருக்கு முன்னால அவள நிறுத்தச் சொல்றியா?”

அந்த அம்மாதான் வாளியைக் காட்டிக் கொடுத்தார் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இதை எழுதிக் குழுவில் போடட்டுமா என்று கேட்டேன். போடு, ஆனால் முதலில் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுப் போடு என்றார்.

படித்துக் காட்டினேன். அம்மா இப்போது என்னோடு நீலாயில்தான் இருக்கிறார். கோழிப் பகுதி வந்தபோது கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். தன் தட்டைத் தள்ளி வைத்தார்.

“அந்த வருஷம் கோழி நல்லாக் கொழுத்துச்சு. நான் தவிடு நல்ல தவிடுன்னு நெனச்சேன்,” என்றார்.

வாளியைப் பற்றிக் கேட்டேன். சரியாகத் தெரியாமல்தான் சொன்னேன் என்றார். எல்லாரும் தன்னையே பார்த்தார்கள், ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது என்றார். அந்தப் பார்வை எனக்கும் தெரியும்.

நோட்டு இன்னும் இருக்கிறது. நேற்று என் பெயருக்கு எதிரே மூன்றாம் கட்டத்தில் ‘ஆம்’ என்பதை அடித்து ‘இல்லை’ என்றும், நான்காம் கட்டத்தில் ‘இல்லை’ என்பதை அடித்து ‘ஆம்’ என்றும் எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் திருத்திய தேதியும் போட்டேன். எங்கள் வேலையில் திருத்தம் அப்படித்தான் செய்ய வேண்டும், பழையது அழியக்கூடாது. அந்தப் பக்கத்தின் படத்தை இதோடு அனுப்புகிறேன். மற்ற நால்வரும் தங்கள் மூன்றாம் கட்டத்தைத் திருத்துவதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு.

இப்போதைய நிலை: தேநீர் குடித்தவர் ஐவர். விழுந்தவர் நால்வர். வெறும் வயிற்றோடு வந்தவர் ஐவர். தேநீரில் எதுவும் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. கடைப் படத்துக்குக் கீழே எழுதிய வரி இன்னும் குழுவில் இருக்கிறது. அனுப்பிய இருவரும் திரும்பப் பெறவில்லை. கடை திங்கட்கிழமை தவிர எல்லா நாளும் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. அடுத்த ஞாயிறு அம்மாவும் நானும் போகிறோம். காரில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.